எந்த அரபு?

பத்து நாள் கெய்ரோ சென்று வர விரும்பும் இளைஞன், போகுமுன் கொஞ்சம் அரபு கற்க வேண்டும் என்கிறான். நல்ல எண்ணம்! ஆனால் எந்த அரபு? கேட்டதும் பதறுகின்றனர் பண்டிதர்கள். "அரபு ஒன்றே! 'ஃபுஸ்ஹா' எனும் செந்நடையே மொழி. தெருவிலே ஒலிப்பது கொச்சை!" என்கின்றனர். வேற்றுமை ஈறுகளை மனப்பாடம் செய், வினை வாய்பாட்டை ஒப்புவி, பேச்சு பிறகு என்கின்றனர். பிறகு என்றால் எப்போது? பயணச்சீட்டின் நாள் கடந்த பின்னரா?

தோழர்களே, அந்தச் செந்நடை இன்று எந்த நாட்டிலும் வீட்டுமொழி அன்று. அரபுக் குழந்தையும் அதைப் பள்ளியில்தான் முறையாகப் பயில்கிறது. ஏடும் செய்தித்தாளும் படிக்க அது வேண்டும், மறுப்பாரில்லை. சந்தையில் நின்று அதைப் பேசினால் புரிந்துகொள்வர், புன்னகையும் புரிவர். விடை மட்டும் வேறு மொழியில் வரும்! 'இப்போது' என்பதற்கு ஏடு கூறுவது 'அல்-ஆன்'. கெய்ரோ 'தில்வஅத்தி' என்கிறது. டமாஸ்கஸ் 'ஹல்லஅ' என்கிறது. மொராக்கோ 'தாபா' என்கிறது.

ரொட்டிக்கு ஏட்டுச்சொல் 'குப்ஸ்'. எகிப்திய ஏழையோ அதை 'ஏஷ்' என்பான். வாழ்வு என்று பொருள்! (அதே சொல்லைக் குவைத்தில் சொன்னால் சோறு வரும்.) உண்ணும் ரொட்டிக்கு வாழ்வு என்று பெயரிட்டவன் கொச்சைக்காரனாம்! 2011இல் தஹ்ரீர் சதுக்கத்தில் முபாரக் ஆட்சியை எதிர்த்துத் திரண்ட மக்கள் முழங்கிய முழக்கத்தில் முதற்சொல் எது? 'ஏஷ்'! விடுதலையும் சமூக நீதியும் அதன் பின்னரே வந்தன. 'குப்ஸ்' என்று கேட்கவில்லை அந்த மக்கள்.

மக்கள் மொழியை உயர்த்துவது வெள்ளையன் சூழ்ச்சி என்பாரும் உண்டு. 1893இல் வில்லியம் வில்காக்ஸ் என்ற ஆங்கிலப் பொறியாளர் பேச்சுமொழியிலே எழுதுங்கள் என்று எகிப்தியருக்கு உபதேசித்தது உண்மைதான். ஆளவந்தவன் கூட்டத்தான் சொன்னான் என்பதற்காகத் தாயின் பேச்சு தாழ்ந்துவிடுமா? தேவபாடை என்றும் நீசபாடை என்றும் பிரித்துப் பேசிய குரலைக் கேட்டுப் பழகிய நமக்கு இந்தப் பாட்டும் புதிதன்று. 1988இல் நோபல் பரிசு பெற்ற நகீப் மஹ்பூஸ் கூடத் தம் கதை மாந்தரைச் செந்நடையிலேயே பேச வைத்தார். மேதைதான், ஆனால் அவர் மாந்தரைப் போல் பேசிக் கெய்ரோவில் கத்தரிக்காய் வாங்குவார் எவருமில்லை.

ஆகவே, போகும் ஊரின் பேச்சையே கற்க. ஊர் முடிவாகவில்லையா? எகிப்தியப் பேச்சில் தொடங்குக. அந்நாட்டுத் திரைப்படங்கள் அதை அரபுலகெங்கும் பழக்கியிருக்கின்றன. மொராக்கோவிலும் அது ஓரளவு புரியும். அவர்கள் தரும் விடைதான் உமக்குப் புரியாது. இன்றைக்கு இரண்டு சொல் போதும்: 'பிகாம்?' (வணிகப் பட்டமன்று, 'என்ன விலை?'), 'ஆயிஸ்' ('வேண்டும்'). கேட்பவர் பெண்ணாயின் 'ஆயிஸா'.