கோப்பையில் இருப்பது மது மட்டுமல்ல

ஜெர்மானியரின் 'ப்ரூடர்ஷாஃப்ட்' வழக்கத்தை வெறும் குடிக் கேளிக்கையாகச் சுருக்கிவிடுவது எளிது. இருவர் கோப்பை ஏந்துகிறார்கள், முழங்கைகளைக் கோத்துக்கொண்டு அவரவர் கோப்பையிலிருந்து அருந்துகிறார்கள், கன்னத்தில் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். நாவலில் இக்காட்சி வந்தால், 'சகோதரத்துவத்துக்காகக் குடித்தார்கள்' என்ற ஒற்றை வரியோடும் போனால் போகிறதென்று ஓர் அடிக்குறிப்போடும் கடந்துவிடலாம் என்று நம்புகிற மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. அவர்களோடுதான் நமக்கு வழக்கு.

இந்தச் சடங்கில் மது ஒரு சாட்சி மட்டுமே. நிகழ்வது சொல்லில். கோப்பையைக் கீழே வைத்ததும் இருவரும் தத்தம் முதற்பெயரைச் சொல்கிறார்கள். அதுவரை ஒருவரையொருவர் 'ஸீ' என்று அழைத்தவர்கள் அக்கணம் முதல் 'டூ' என்று அழைக்கிறார்கள். முன்னது நம் 'நீங்கள்'. பின்னது நம் 'நீ'. பன்மையால் மரியாதை செய்யும் இலக்கண உத்திகூட இரு மொழிகளுக்கும் பொதுவானதே: 'அவர்கள்' என்னும் சொல்தான் 'ஸீ'யாக முன்னிலையில் வந்து நிற்கிறது.

இதற்கு விதிகளும் உண்டு. 'டூ'வை வழங்கும் உரிமை மூத்தவருக்கு அல்லது பதவியில் மேலானவருக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே, மரபுப்படி, பெண்ணுக்கு. இளையவர் தாமாக முந்திக்கொள்வது அத்துமீறல்; வழங்கியதை மறுப்பது அவமதிப்பு; ஏற்றபின் 'ஸீ'க்குத் திரும்புவது ஏறக்குறைய உறவு முறிவின் அறிவிப்பு. ருஷ்ய மொழியும் போலிஷ் மொழியும் இச்சடங்கை அதன் ஜெர்மன் பெயரோடு சேர்த்தே கடன் வாங்கிக்கொண்டன.

தாமஸ் மன்னின் 'மாய மலை' (1924) நாவலை எடுத்துக்கொள்வோம். திருவிழா இரவொன்றில் ஹான்ஸ் காஸ்டார்ப் தனக்கு ஆசானைப் போன்ற செட்டெம்ப்ரினியை 'டூ' என்று அழைத்துவிடுகிறான். அந்த மனிதநேயவாதி கொதித்துப்போகிறார். அதே இரவில், அதே சொல்லோடுதான் காஸ்டார்ப் கிளாவ்டியா ஷோஷாவிடமும் போகிறான். பின்னர் அவள் பேப்பர்கோர்ன் என்னும் வயதான செல்வந்தரோடு திரும்பி வரும்போது, அவர் முன்னிலையில் அவளை எச்சொல்லாலும் விளிக்காமல் நழுவுகிறான். பேப்பர்கோர்ன் அந்த நழுவலைக் கவனித்துவிடுகிறார், உண்மை வெளிவருகிறது. ஆனால் அவர் அவனைப் பகைக்கவில்லை. அவனோடு சகோதரத்துவ மது அருந்துகிறார். ஒரு காதல், ஒரு சந்தேகம், ஒரு மன்னிப்பு: மூன்றும் ஒரு முன்னிலைப் பெயரின்மீது நிற்கின்றன.

இத்தகைய பிரதி ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தால் என்ன நேரும்? 'யூ' என்னும் ஒரே சொல்லில் இரண்டும் கரைந்துபோகும். தமிழில் பெயர்ப்பவர் 'நீ'யா 'நீங்கள்'ஆ என்பதை வயதையும் பதவியையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான். எந்தச் சொல்லுக்காக மூலத்தில் ஒரு பாத்திரம் பல நூறு பக்கங்கள் காத்திருக்கிறதோ, அது தமிழில் முதல் சந்திப்பிலேயே செலவழிந்துவிடலாம். இன்றைய ஆங்கில வாசகனுக்கு அடிக்குறிப்பு வேண்டும். அவனுடைய பொதுவழக்கு இவ்வேறுபாட்டை எப்போதோ இழந்துவிட்டது. நமக்கு எதற்கு? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை இது.

'நீ'யும் 'டூ'வும் ஒன்றல்லவே என்ற மறுப்பு எழலாம். நியாயமான மறுப்புதான். பண்ணையார் கூலியாளை நோக்கிச் சொன்ன 'நீ' அவரிடம் ஒருபோதும் திரும்பி வந்ததில்லை. ஜெர்மனியிலும் எசமானர்கள் ஏவலாளரை அழைத்த 'டூ' ஒருவழிச் சொல்தான். அதிகாரமும் தோழமையும் ஒரே முன்னிலைச் சொல்லில் குடியிருப்பதை ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார்கள். கைகளைக் கோத்து இருவரும் ஒருசேர அருந்துவதன் பொருளே, இனி இச்சொல் இரு திசையிலும் செல்லும் என்பதுதான். மேலிருந்து கீழே வீசப்படும் சொல்லைச் சமதளத்துக்குக் கொண்டுவரும் சடங்கு அது. சாதியின் 'நீ'யை அறிந்த தமிழ் வாசகனைவிட இதைக் கூர்மையாக உணர வேறு யாரால் இயலும்? மறுப்பு நம் தரப்பையே வலுப்படுத்துகிறது.

வழக்கமே தேய்ந்துவிட்டது, இனி என்ன கவலை என்போரும் உண்டு. தேய்ந்துவருவது மெய்தான். 1968 மாணவர் எழுச்சிக்குப் பின் மாணவர்களுக்குள் 'டூ' இயல்பாகிவிட்டது. 2016இல் ஓட்டோ வணிகக் குழுமத்தின் தலைவர் 50,000க்கும் அதிகமான பணியாளர்களுக்கு மொத்தமாக 'டூ'வை வழங்கினார். கோப்பையும் இல்லை, கோத்த கையும் இல்லை. எல்லோருக்கும் கிடைக்கும் சொல்லில் ஒருவர் இன்னொருவரைத் தேர்ந்துகொண்ட சுவடும் இல்லை. அச்சொல்லுக்கு ஒருகாலத்தில் இருந்த எடையை இலக்கியம்தான் காத்து வைத்திருக்கிறது. அதையும் மொழிபெயர்ப்பில் தொலைப்பதா?

நாம் கேட்பது பெரிதல்ல. ஜெர்மனிலிருந்து நேரடியாகப் பெயர்ப்பவர்கள் பெருக வேண்டும். அதுவரை, ஆங்கிலம் வழியே வருபவர்கள் மூலநூலை அருகில் வைத்துக்கொண்டு முன்னிலைச் சொற்களையாவது ஒப்பிட்டுப் பார்க்கட்டும்; ஐயம் வரும் இடங்களில் ஜெர்மன் அறிந்த ஒருவரைக் கேட்கட்டும். அதற்கான அவகாசத்தைப் பதிப்பாளர்கள் தரட்டும். 'சாரம் வந்துவிட்டது, போதும்' என்று தேற்றிக்கொள்வோரிடம் நமக்கு ஒரே கேள்விதான்: இரு மனிதர்களுக்கு இடையே 'நீங்கள்' என்பது 'நீ' ஆகும் கணம் சாரத்தில் சேராதென்றால், வேறு எதைச் சாரம் என்கிறீர்கள்?