டி மாய்வர் தூங்கிச் செத்த கதை

குடும்ப வாட்ஸப் குரூப்பில் போன வாரம் மறுபடியும் அந்தக் கதை வந்தது. ஆபிரகாம் டி மாய்வர் என்ற கணித மேதை, தினமும் 15 நிமிடம் கூடுதலாகத் தூங்குவதைக் கவனித்தாராம். தூக்கம் 24 மணி நேரத்தைத் தொடும் நாளில் சாவேன் என்று கணக்குப் போட்டு, சொன்னபடியே 1754 நவம்பர் 27-ல் செத்தாராம். கீழே வரிசையாகக் கைதட்டல்.

இதே கதை 20 நிமிடம் என்றும் உலவுகிறது. எட்டு மணி நேரத் தூக்கத்தில் தொடங்கினால் 15-க்கு 64 நாள், 20-க்கு 48 நாள். தேதி மட்டும் மாறவே மாறாது! இப்படி ஒரு வவுச்சர் என் மேஜைக்கு வந்தால் அப்படியே திருப்பி அனுப்புவேன். மனிதருக்கு வயது 87 ஐயா. அந்த வயதில் தூக்கம் கூடுவதற்குத் தேற்றம் எதற்கு?

என் கோபம் அதுகூட இல்லை. இந்தக் கதையில் அவர் வாழ்ந்த வாழ்க்கை காணாமல் போகிறது.

1667-ல் பிரான்சில் புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்தவர். 1685-ல் பதினான்காம் லூயி அவர்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறிக்க, பின்னர் லண்டனுக்குப் போனார். 1697-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். நியூட்டனுக்கு நண்பர். நுண்கணிதம் நியூட்டனுடையதா லைப்னிட்ஸுடையதா என்று 1712-ல் விசாரித்த குழுவிலும் இருந்தார். பல்கலைக்கழக வேலை? கடைசிவரை கிடைக்கவில்லை. வீடு வீடாக நடந்து ட்யூஷன் எடுத்தார். காபிக் கடையில் உட்கார்ந்து சூதாடிகளுக்கு நிகழ்தகவு சொல்லிச் சம்பாதித்தார்.

ஆன்யுட்டிக்கு விலை போடுவது எப்படி என்று 1725-ல் புத்தகம் எழுதினார். நாம் வாங்கும் பென்ஷன் பாலிசிகளுக்கு அவர் ஒரு கொள்ளுத்தாத்தா. அப்ரைசல் சமயத்தில் நம் தலையில் கவிழ்க்கிறார்களே பெல் கர்வ், அதன் கணக்கையும் 1733-லேயே எழுதிவிட்டார் (பாவம், அவர் நாணயம் சுண்டுவதற்குத்தான் போட்டார்). பெயரோ 1777-ல் பிறந்த காஸுக்குப் போனது.

"திறமை இருந்தால் எந்த ஊரிலும் மேலே வரலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அதுவும் வெளியூரில் இருபது வருஷம் ஓட்டிய நாமே... டி மாய்வருக்கு எந்தத் திறமை குறைந்தது? அந்நியர் என்பதுதான் தடை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். தூக்கக் கதைக்குப் பதிலாக இதை அனுப்புங்களேன். பிள்ளைகள் தாங்குவார்கள்.

அவர் செத்த அதே 1754-ல் பாரிஸ் அறிவியல் அகாதெமி அவரை உறுப்பினராக்கியது. பிரெஞ்சு மண்ணில் பிறந்தவரை எந்தப் பிரிவில் சேர்த்தார்கள் தெரியுமா? அயல்நாட்டவர்.