ஆஸ்பத்திரிக்கு மார்க் போடுவது எப்படி? பெட் கணக்கு மட்டும் போதாது!

தூத்துக்குடி—
துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால், எத்தனை நாள் நின்றது, எத்தனை டன் சரக்கு இறங்கியது என்று கணக்குப் பார்க்கிறார்கள். வேலை சுறுசுறுப்பா, மந்தமா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரிக்கும் இப்படிக் கணக்கு உண்டு. நாடு முழுவதும் 707 மாவட்ட ஆஸ்பத்திரிகளை எடைபோட்டு, 'நிதி ஆயோக்' 2021 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. 2017-18-ம் ஆண்டுக் கணக்கு அது.

லட்சம் பேருக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில் குறைந்தது 22 பெட் வேண்டும் என்பது 2012-ல் வகுத்த அளவு. நாட்டின் சராசரி 24. புதுச்சேரியில் 222. பீகாரில் வெறும் 6!

பெட் நிறைந்தால் போதுமா?

100 பெட் உள்ள இரண்டு ஆஸ்பத்திரிகளை எடுத்துக்கொள்வோம். மாதம் முழுக்க இரண்டிலும் பெட் காலி இல்லை. முதல் ஆஸ்பத்திரியில் ஒருவர் 5 நாள் தங்குகிறார். மாதம் 600 பேர் வீடு திரும்புகிறார்கள். அடுத்ததில் ஒருவர் 10 நாள் தங்குகிறார். 300 பேர்தான் திரும்புகிறார்கள்.

முதல் ஆஸ்பத்திரி கெட்டி என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. அங்கே படுத்திருப்பது காய்ச்சல்காரர்கள், இங்கே இடுப்பெலும்பு முறிந்தவர்கள் என்றால் கதையே வேறு! இதனால்தான் அமெரிக்காவில் 1983 முதல், முதியோர் காப்பீட்டுத் திட்டத்தில் நோயை இனம் பிரித்து ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

ஓ.பி. சீட்டுக் கணக்கும் அப்படித்தான். ஒரு டாக்டர் 4 மணி நேரத்தில் 100 பேரைப் பார்த்தால் ஏட்டில் அவர் சூரர். ஆனால் ஆளுக்கு இரண்டரை நிமிஷம்கூட இல்லை. விடிகாலையிலேயே வந்து வரிசையில் நின்ற உப்பளத் தொழிலாளி, வலி எங்கே என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்!

100-க்கு 90 பேர் சாவு?

சாவுக் கணக்கில் இன்னும் ஆபத்து. 1863-ல் நர்ஸ் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் வெளியிட்ட புத்தகத்தில், லண்டன் ஆஸ்பத்திரிகளில் 100-க்கு 90 பேர் சாவு என்று இருந்தது. டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள். வருஷம் முழுக்க இறந்தவர்களை, ஒரே ஒரு நாள் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்ததுதான் வினை!

நம்ம ஊருக்கு வருவோம். தூத்துக்குடியில் 2000-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. பிழைப்பாரா என்று சந்தேகப்படும் கேஸ்களைச் சின்ன ஆஸ்பத்திரிகள் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பும். அதையும் கோவில்பட்டி ஆஸ்பத்திரியையும் ஒரே தட்டில் வைத்து, 'இங்கே சாவு ஜாஸ்தி' என்றால் அது நியாயமல்ல. அப்படி மார்க் போட்டால், கஷ்டமான கேஸை வாசலிலேயே திருப்பி அனுப்பத் தோன்றும். அவதி ஏழைக்குத்தான்!

நிதி ஆயோக்கும் 200 பெட் வரை, 201 முதல் 300 வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துத்தான் ஒப்பிட்டது.

சிப்பியா, முத்தா?

முத்துக்குளிப்புக் காலத்தில் கடலடியில் சிப்பியை எண்ணியதோடு விட்டுவிடவில்லை. கொஞ்சம் சிப்பியை எடுத்து உடைத்து, முத்து தேறுமா என்று மதிப்புப் போட்ட பிறகே குளிப்புக்கு நாள் குறித்தார்கள்.

பெட்டும் சீட்டும் சிப்பிக் கணக்கு. எத்தனை பேர் குணமாகிப் போனார்கள், எத்தனை பேர் அதே நோயோடு ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தார்கள் என்பதுதான் முத்துக் கணக்கு. பொதுஜனம் கேட்க வேண்டியது அதைத்தான்!