டிரைவரும் உதிரிபாகம்தான்

சென்னை ரிச்சி தெருவில் பழைய மதர்போர்டு தேடி அலைகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கதை பெரும்பாலும் ஒன்றுதான். டிடிபி கடையில் வருடக்கணக்காக ஓடிய கம்ப்யூட்டர். கெப்பாசிட்டர் உப்பி போர்டு போய்விட்டது. உள்ளே இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், அவற்றில் செய்துவைத்த பில் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள். புது போர்டு கடைக்குக் கடை கிடைக்கிறது. எக்ஸ்பி அதில் ஏறுவதில்லை. மல்லுக்கட்டி ஏற்றினாலும் திரைக்கும் ஒலிக்கும் டிரைவர், அதாவது அவற்றை இயக்கும் மென்பொருள், கிடையாது.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர் பாடும் இதேதான். 2015க்குப் பின் வந்த பல இன்டெல் போர்டுகளில் அதன் டிஸ்க்கைப் போட்டால் முதல் திரை வரும், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஆனால் மவுஸ் அசையாது, கீபோர்டுக்கும் உயிர் இருக்காது. இரண்டும் யுஎஸ்பி 3.0 வழியாகப் பேச வேண்டும். அந்த டிஸ்க்கில் அதற்கான டிரைவரே இல்லை. பரணிலிருந்து உருண்டை முனை கீபோர்டை இறக்கியவர்களில் சிலர் தப்பினார்கள், போர்டில் அதற்குத் துளை இருந்திருந்தால்.

மறுபக்கமும் உண்டு. விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது. 32-பிட் டிரைவரோடு விற்ற ஸ்கேனர், கண்ணாடியும் விளக்கும் பழுதில்லாமல் இருந்தும், அதன்முன் வெறும் பெட்டி.

எந்த மென்பொருளையும் காலமெல்லாம் பராமரிக்க முடியாது. எக்ஸ்பிக்கு 2014இல், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தது. அதில் நமக்கு வழக்கில்லை. பழைய சிஸ்டத்தை இணையத்தில் விடுவது ஆபத்து என்பதும் சரி. இணையமே இல்லாமல் மூலையில் ஓடும் இயந்திரத்துக்கு என்ன பதில்? நம் வழக்கு, தான் விற்ற பொருளின் டிரைவரைத் தன் தளத்திலிருந்தே தூக்கிவிடும் தயாரிப்பாளரோடுதான். சில மெகாபைட் கோப்பு. அதை வைத்திருக்க என்ன செலவு? நிறுவனங்கள் கைவிட்ட எத்தனையோ ஸ்கேனர்களுக்கு லினக்ஸ் ஆர்வலர்கள் தாங்களே டிரைவர் எழுதினார்கள், பலவற்றுக்கு நுட்ப விவரங்கள்கூடத் தரப்படாத நிலையில்.

2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், செத்த பொருளை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைக்கின்றன. நல்ல பொருளை ஏன் சாகவிட்டாய் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். டிரைவரை உதிரிபாகமாகச் சட்டம் ஏற்கட்டும். கடைசிப் பொருள் விற்ற நாளிலிருந்து பத்தாண்டு அது கிடைக்கட்டும். அதன்பிறகு கைவிடுவதானால், நுட்ப விவரங்களைப் பொதுவில் வைத்துவிட்டுக் கைவிடட்டும்.

டெல்லி சட்டம் செய்யும்வரை தமிழக அரசு காத்திருக்கத் தேவையில்லை. அரசுக்காகக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்குகிற எல்காட், அடுத்த டெண்டரிலேயே இதை ஒரு நிபந்தனையாக எழுதலாம்.