பேயான பெண்ணொருத்தி

பேய்ப்படம் என்றதும் முகம் சுளிப்பது நமது இலக்கிய வட்டத்தாரின் வழக்கம். அண்மையில் வெள்ளவத்தையில் நண்பர் சிலர் கூடியிருந்தபோது 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். "ஆசிரியராக இருந்துகொண்டு, இரத்தம் குடிக்கும் பேயைப் பற்றியா பேசுகிறீர்?" என்றார் ஒருவர். அன்று அவரிடம் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

1957ஆம் ஆண்டு சிங்கப்பூரிலே கதே-கெரிஸ் நிறுவனத்தார் எடுத்த படம் அது. இயக்கியவர் பி. என். ராவ். தமிழில் 'ரம்பையின் காதல்' (1939) தந்த அதே ராவ்தான் பின்னர் கடல் கடந்து மலாய்ப் படவுலகிற் புகுந்தார். அக்காலத்து மலாய்ப் படங்கள் பல இந்திய இயக்குநர் கையால் உருவானவை. அவர்களின் தமிழ்ப் படங்களை நினைவுகூரும் நாம், அக்கரையில் அவர்கள் செய்ததை எண்ணிப் பார்ப்பதில்லை.

கதை எளியது. கூனும் விகாரமுமான அநாதைப் பெண் ஒருத்தி. பெயரோ சோமெல், மலாய் மொழியில் அழகி என்று பொருள். மாய மருந்தொன்றால் அப்பெயருக்கேற்ற அழகைப் பெறுகிறாள். இரத்தத்தை நாவால் தீண்டலாகாது என்பது மட்டுமே நிபந்தனை. மணம் நிகழ்கிறது, மகளும் பிறக்கிறாள். ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்ட, நஞ்சை உறிஞ்சி எடுக்குமாறு அவன் வேண்டுகிறான். (அது கூடாதென்பர் இன்றைய வைத்தியர், கதை அவர்களைக் கேட்டு எழுதப்படவில்லை.) அவள் உறிஞ்சுகிறாள். குருதியின் சுவை நாவிற் படுகிறது. பேயாகிறாள். சோமெலாக நடித்தவர் மரியா மெனாடோ. அழகுக்குப் பெயர்பெற்ற நடிகை கூனியாகத் தோன்ற இசைந்தது சிறிய காரியமன்று.

நமது பழையனூர் நீலியை இவளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீலி கணவனால் வஞ்சிக்கப்பட்டவள். பழிக்குப் பழி வாங்கினாள். அவள் சினத்துக்கு நியாயம் உண்டு. நீதி நிறைவேறியதும் கேட்பவர் மனமும் ஆறிவிடுகிறது. சோமெலின் கதையில் வஞ்சித்தவர் எவருமில்லை. கணவன் உயிர் பிழைக்க வேண்டுமென்று அவள் செய்த காரியமே அவளைக் கணவனுக்கு அந்நியமாக்கிவிட்டது. யாரைச் சினப்பது? டிராகுலாவுக்குச் சிலுவை காட்டித் தப்பலாம். இவளுக்கு எதைக் காட்டுவது?

மகப்பேற்றில் இறந்த பெண்ணே பொந்தியானாக் ஆகிறாள் என்பது மலாய் மக்களின் நம்பிக்கை. கொட்டாஞ்சேனையில் நான் சிறுவனாக இருந்தபோது, குழந்தையை இடுப்பில் ஏந்தி வெள்ளுடையில் வழிமறிக்கும் மோகினியைச் சொல்லிப் பயமுறுத்துவார் எங்கள் பாட்டி. அவரேதான் சுமைதாங்கிக் கல்லைப் பற்றியும் சொன்னவர். வயிற்றுச் சுமையோடு இறந்தவளின் நினைவாக வழியோரத்தில் நாட்டும் கல் அது. வழிப்போக்கர் தம் சுமையை அதில் இறக்கினால் அவள் சுமையும் இறங்கும் என்பார். ஒருத்தியைக் கண்டே ஊரார் அஞ்சினர். அவளுக்கே கல்லும் நாட்டினர். ராவின் படத்தில் அஞ்சியவர்களும் இருக்கிறார்கள், கல்லும் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

வணிகத்துக்கு வேண்டியது வேறு. படம் நன்றாக ஓடியதும் அவ்வாண்டிலேயே 'டெண்டம் பொந்தியானாக்' வந்தது. டெண்டம் என்றால் பழி. சோமெலையும் நீலியாக்கிவிட்டார்களே என்று தோன்றுகிறது. ஆயினும் 1958இல் வந்த 'சும்பா பொந்தியானாக்'கில் அவள் மகளைக் காக்க நிற்கும் தாயாகத் திரும்புகிறாள்.

'நீர் பார்த்தீரா?' என்று நண்பர் கேட்டது நியாயமே. முதற்படத்தை நான் பார்க்கவில்லை. இனி எவரும் பார்க்க முடியாது. முதலிரண்டின் பிரதிகளும் அழிந்தன. மூன்றாவது மட்டுமே எஞ்சியது. மலிவான பேய்ப்படம் என்றெண்ணியே அவற்றைக் காவாமல் விட்டிருப்பார்கள். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானதை அறிந்த நமக்குப் படச்சுருளின் அருமையை எவரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தீ வைத்தவர்கள் பகைவர்கள். சோமெலை அழித்ததோ அலட்சியம். எங்கள் கூட்டத்தில் எழுந்த சிரிப்பில் அதன் சாயலைக் கண்டதால்தான் எனக்குச் சற்றுக் கோபம் வந்தது.

நண்பர் மூன்றாம் படத்தைப் பார்க்க இசைந்திருக்கிறார். வரும் ஞாயிறு மாலை என் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மனைவியையும் அழைத்து வருவாராம்.