பெயர் யாருக்கு?

நம் பங்குகளில் அறச்செயல் நடைபெறும் முறையை நாம் அனைவரும் அறிவோம். ஓர் அரிசிப் பையை ஈகையாளர் ஒருபுறமும் பங்குத்தந்தை மறுபுறமும் பற்றியிருப்பர். பெற்றுக்கொள்ளும் மூதாட்டி, பையைப் பாராமல் காமிராவைப் பார்க்குமாறு பணிக்கப்படுவார். படத்தின் கீழே ஈகையாளரின் பெயரும் பட்டமும் இருக்கும். மூதாட்டிக்குப் 'பயனாளி' என்பதே பெயர். அத்தகைய படங்களில் நாமும் நின்றிருக்கிறோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இதனால் மனம் வெதும்பிய அன்பர் சிலர், அறப்பணியில் புகைப்படமே கூடாது என்கின்றனர். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்னும் ஆண்டவரின் போதனையைச் சான்று காட்டுகின்றனர். அவர்களது சினம் நியாயமானது, முடிவோ தவறானது. ஆண்டவர் மறைக்கச் சொன்னது கொடுப்பவரின் கையை. துன்புறுபவரின் புண்ணை அன்று. செல்வனும் இலாசரும் உவமையில், செல்வன் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ செய்தி இல்லை. தன் வாயிலில் கிடந்தவரைக் கண்டும் காணாதிருந்தான். அதுவே அவன் பாவம். அவ்வுவமையில் பெயர் பெற்றிருப்பவர் ஏழையே. செல்வனுக்குப் பெயர் இல்லை. நாமோ அதைத் தலைகீழாக்கிவிட்டோம்.

உண்மையைக் காட்டும் படம் எதைச் சாதிக்க வல்லது என்பதற்கு ஆப்பிரிக்காவின் காங்கோ நாடு சான்று. 1885 முதல் அந்நாடு பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமை போல் இருந்தது. விதிக்கப்பட்ட அளவு ரப்பர் கொண்டுவராத ஊர்களில் காவலாட்கள் மக்களைக் கொன்றனர், கைகளை வெட்டினர். 1904 மே மாதம், பாரிங்கா என்னும் ஊரிலிருந்த புராட்டஸ்டண்டு மறைபரப்பு இல்லத்திற்கு என்சாலா என்பவர் வந்தார். அவர் இலைகளில் பொதிந்து கொண்டுவந்தவை, கொல்லப்பட்ட தம் ஐந்து வயது மகள் போவாலியின் ஒரு கையும் ஒரு பாதமுமே. அங்குப் பணியாற்றிய ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி, அவற்றின் முன்னே அமர்ந்து வெறித்து நோக்கும் அத்தந்தையைப் படம் பிடித்தார். பின்னர் அவரும் அவர் கணவரும் இத்தகைய படங்களை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகத் திரையிட்டுப் பேசினர். 1905-இல் மன்னர் தாமே அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையும் கொடுமைகளை உறுதி செய்தது. 1908-இல் காங்கோ மன்னரின் கையை விட்டு அகன்றது. புகைப்படம் ஒன்றே இதைச் சாதித்தது என்று கூறோம். எழுத்தால் போராடியோரும் பலர். ஆனால் எழுத்தைப் பொய் என்று தள்ளியோரால் அத்தந்தையின் முகத்தைத் தள்ள இயலவில்லை.

இங்கே நமக்குக் கசப்பான பாடம் ஒன்றும் உண்டு. லியோபோல்டு கத்தோலிக்க மன்னர். அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளைப் பிரிந்த சபையினரின் பகைமை என்று ஒதுக்கிய கத்தோலிக்கர் பலர். 1906-இல் இயேசு சபைக் குரு ஆர்தர் வெர்மீர்ஷ் நூல் எழுதி அந்த ஆட்சிமுறையைக் கண்டித்தது சிறிது ஆறுதல். காண மறுப்பது பக்தியாகாது என்பதை நாம் அந்நாளிலேயே கற்றிருக்க வேண்டும்.

அன்பர்களே, பாரிங்காவின் படம் இரக்கத்தை மட்டும் கேட்கவில்லை. இதைச் செய்தவர் யார் என்றும் கேட்டது. நம் அரிசிப் பைப் படமோ எதையும் கேட்பதில்லை. வாழ்நாளெல்லாம் உழைத்த அம்மூதாட்டி முதுமையில் ஏன் கையேந்துகிறார்? அவருக்குரிய கூலி எங்கே போயிற்று? இக்கேள்விகளை எழுப்பாத படம் ஈகையாளருக்கு விளம்பரம். ஏழைக்கோ இரண்டாம் அவமானம்.

ஆதலால் காமிராவை விலக்க வேண்டா, அதைத் திருப்புவோம். படமெடுக்குமுன் அவரது இசைவைக் கேட்போம். அவர் மறுத்தாலும் அரிசியைக் கொடுப்போம். அவர் விரும்பினால் அவரது பெயரையும், அவரது வறுமையின் காரணத்தையும் எழுதுவோம். கொடுப்பவரும் குருவும் படத்திலிருந்து விலகி நிற்போம்.

சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் நாம் நினைவுகூரும் வெரோணிக்கா, திருமுகத்தின் சாயலைப் பெறுவதற்காகக் கூட்டத்தைப் பிளந்து செல்லவில்லை. குருதி துடைக்கவே சென்றார். துணியில் பதிந்தது துன்புற்றவரின் முகம். துடைத்தவரின் முகம் அன்று.