பதிவேட்டில் இல்லாதோர்

ஒரு பிரதேசத்து மக்களின் சுகாதாரத் தேவையை அறிவது எங்ஙனம்? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பதிவேடுகளைப் பார்த்தாற் போதும் என்பர் நிர்வாகிகள். அங்ஙனமாயின், பதிவேட்டில் இல்லாதவனுக்கு நோயே இல்லை என்றல்லவா முடியும்! இம்முடிவுக்கு இந்நாடு ஒருமுறை பெருவிலை கொடுத்திருக்கிறது.

1934-35 இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. பின்னர் டீ.டீ.ரீ. தெளிப்பினால் நோய் ஒடுங்கி, 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். பதினேழு! அவ்வெண்ணில் மகிழ்ந்தோர் தெளிப்பை நிறுத்தினர், கண்காணிப்பும் தளர்ந்தது. சேனைக் காடுகளிலும் இரத்தினக்கற் குழிகளிலும் குடிசையிட்டு வாழ்ந்தோரை அத்தளர்ந்த கண்காணிப்பு எட்டவில்லை. 1969 இல் பதிவான நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. நுளம்பின்மேற் பழியைப் போடலாம். ஆனால் தெளிப்பை நிறுத்தியது நுளம்பன்று.

2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. நோயாளர் வரும்வரை காத்திராது, நடமாடும் சிகிச்சைப் பிரிவுகள் அவர்களைத் தேடிச் சென்றமை அவ்வெற்றிக்கு ஒரு முக்கிய காரணமாகும். தேடிச் செல்லும் மரபு இந்நாட்டுக்குப் புதியதுமன்று. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டபோது அதன் அடிப்படையே அதுதான். இன்றும் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே செல்கிறார். கொழும்பின் எந்தத் திட்டமிடல் நிபுணருக்கும் வாய்க்காத வாய்ப்பு அது.

ஆயினும் அவர் கையிலுள்ள பதிவேடு யாரைக் கேட்கிறது? பிள்ளை பெறும் வயதுத் தம்பதியரை, கருவுற்ற தாயை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையை. தாய் சேய் மரணம் இந்நாட்டிற் குறைந்தமைக்கு அப்பதிவேட்டின் பங்கு பெரிது; அதனை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் அதே வீட்டுத் திண்ணையில் நீரிழிவினாற் கால் புண்ணாகிக் கிடக்கும் அறுபது வயதுக் கிழவிக்கு அதில் ஒரு கட்டமேனும் இல்லை. பிள்ளை பெறும் வயது கடந்ததும் அவள் தேவையும் கடந்துவிட்டதா? அவளுக்கெனக் கிளினிக்குகள் உண்டு என்பர். நடக்கக் கூடியவளுக்கு உண்டு.

பதிவேட்டில் ஏறிய எண்களும் மேலே செல்கின்றன, கிராமத்துக்குத் திரும்புவதில்லை. திட்டமிடலிற் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என 1978 இல் அல்மா-அற்றா மாநாடு பிரகடனஞ் செய்தது. தன் கிராமத்து எண்களையே காணாதவன் எத்திட்டத்திற் பங்கேற்பான்? அவ்வெண்களை வாசிகசாலைச் சுவரில் ஒட்டுவதற்கு எந்த வெளிநாட்டுக் கடனும் வேண்டியதில்லை. கிழவிக்கு ஒரு கட்டம் கீறுவதற்கோ ஓர் அடிமட்டமும் பென்சிலும் போதும்.